படகு எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

சென்னைப் பக்கம் காசிமேட்டிலிருந்து கோவளம் வரை எந்தக் குப்பத்துக் கரையில் நின்றாலும் விடியற்காலை மூன்றரை மணிக்கு அந்தச் சத்தம் காதில் விழும். கயிறு இழுபடும், எஞ்சின் ஒரு சுற்று சுற்றி அடங்கும். மறுபடி கயிறு, மறுபடி அடங்கல். ஐஸ் பெட்டி ஏற்றியாயிற்று, வலை ஏற்றியாயிற்று, கூட வரும் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எஞ்சின் மட்டும் வரவில்லை.

நான் அவுட்போர்டு எஞ்சின், அதாவது படகின் பின்னால் மாட்டும் எஞ்சின், வேலை பார்க்கிறவன். அந்த நேரத்தில் எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை, ஒரு பிளக் ஸ்பேனரும் கொஞ்சம் பெட்ரோலும் கையில் இருந்தால் கரையிலேயே தீர்ந்துபோகிற விஷயங்கள். தீராமல் போவது ஏன் தெரியுமா? கயிறு கையில் இருப்பதால் இழுத்துக்கொண்டே இருக்கிறோம். ஒவ்வொரு இழுப்புக்கும் சிலிண்டருக்குள் இன்னும் கொஞ்சம் எண்ணெய் (எரிபொருளைத்தான் சொல்கிறேன்) போகும். பிளக் இன்னும் நனையும். வறண்ட பிளக்கோடு பிடித்திருக்க வேண்டிய எஞ்சினை நாமே குளிப்பாட்டி விடுகிறோம்.

அதனால் ஐந்து இழுப்போடு நிறுத்துங்கள். சத்தமே இல்லையா, சுற்றுகிறது ஆனால் பிடிக்கவில்லையா, பிடித்து அணைகிறதா, கயிறே வரவில்லையா என்று பாருங்கள். தேட வேண்டிய இடம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

கடலில் நின்றுவிட்டால்

எஞ்சின் மூடியைத் திறக்கும் முன் நங்கூரத்தைப் போடுங்கள். நீரோட்டம் எந்தத் திசை (வன்னியா தெண்டியா), காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, படகு எங்கே போய்ச் சேரும் என்பதை முதலில் கணக்குப் போடுங்கள். துறைமுகக் கல்லணைக்குப் பக்கத்திலோ அலை உடையும் இடத்துக்குப் பக்கத்திலோ இருந்தால், பிளக்கைக் கழற்ற உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் படகு கல்லில் இருக்கும். எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துப் படகுக்குக் குரல் கொடுங்கள். வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் சேனல் 16. போனில் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093. கூப்பிடக் கூச்சப்படாதீர்கள். எஞ்சின் பிறகு பிடித்துவிட்டால் "சரியாயிடுச்சு" என்று இன்னொரு போன் போட்டால் முடிந்தது.

எதையும் கழற்றும் முன்

கியர் நியூட்ரலில் இருக்கிறதா? பல எஞ்சின்களில் கியர் விழுந்திருந்தால் கயிறே வராது, செல்ஃப்பும் எடுக்காது. கில் சுவிட்ச் கிளிப் அதன் இடத்தில் இருக்கிறதா? சுருள் கயிறோடு தொங்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டு கழன்றிருந்தால், நாள் முழுக்க இழுத்தாலும் பிளக்கில் கரண்ட் வராது. டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்தீர்களா? ஹோஸ் இரண்டு முனையிலும் 'கிளிக்' என்று உட்கார்ந்திருக்கிறதா? எண்ணெய்க் குழாயில் பெட்ரோலுக்கும் கிருஷ்ணாயிலுக்கும் மாற்றும் திருப்பி பெட்ரோல் பக்கம் இருக்கிறதா?

இருபது வருடம் கடலுக்குப் போனவர்களும் இந்த ஐந்தில் ஒன்றை மறப்பார்கள். இருட்டில், அவசரத்தில், யாருக்கும் நடக்கும். ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள்.

சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவே இல்லை

அதிகம் வருவது இதுதான். பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் முனையைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். இரட்டை சிலிண்டர் என்றால் இரண்டையும் கழற்றி, எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று மாறாமல் வையுங்கள்.

முனை நனைந்திருந்தால் எண்ணெய் வருகிறது, எரியவில்லை என்று அர்த்தம். வறண்டிருந்தால் எண்ணெயே வரவில்லை. கறுத்துக் கரி பிடித்து, பிசின் மாதிரி ஒட்டினால் பிளக்கின் ஆயுள் முடியப் போகிறது.

நனைந்த பிளக் என்றால் அடுத்து கேட்க வேண்டியது, எதில் நனைந்திருக்கிறது? நம் ஃபைபர் படகுகளில் ஓடும் 9.9 குதிரைத்திறன் மாதிரியான எஞ்சின்களில் பல, பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடேறிய பிறகு கிருஷ்ணாயிலுக்கு மாற்றி ஓட்டுபவை. கிருஷ்ணாயில் சுலபமாக ஆவியாகாது. சூடான எஞ்சினில் எரியும், குளிர்ந்த எஞ்சினில் பிளக்கை நனைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

ஒரு நாள் நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். "அண்ணே, நேத்து ஜம்முனு ஓடுச்சுண்ணே. இன்னிக்கு எண்பது தடவை இழுத்துட்டேன், உயிரே இல்ல." போய்ப் பார்த்தால் உள்ளங்கையில் கொப்புளம். "நேத்து எதுல நிறுத்தின? பெட்ரோல்லயா, கிருஷ்ணாயில்லயா?" கொஞ்ச நேரம் யோசித்தார். மீன் நிறைய இருந்ததாம், ஏலத்துக்கு நேரமாகிவிட்டதாம், கரை தட்டியதும் அப்படியே ஸ்டாப் பட்டனை அழுத்திவிட்டாராம். அவர் சொல்லி முடிக்கும்போதே பழுது தெரிந்துவிட்டது. ராத்திரி முழுக்க கார்புரேட்டர் கிண்ணத்தில் கிருஷ்ணாயில் நின்றிருக்கிறது. காலையில் இழுத்த எண்பது இழுப்பும் அதைத்தான் சிலிண்டருக்குள் ஏற்றியிருக்கிறது.

இதைக் கையிலேயே சோதிக்கலாம். கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, வரும் எண்ணெயில் ஒரு சொட்டைப் புறங்கையில் விடுங்கள். பெட்ரோல் என்றால் 'சில்' என்று குளிர்ந்து பார்க்கும்போதே காயும். 2டி ஆயில் (2 ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) கலந்த பெட்ரோல் லேசான பிசுபிசுப்பை விட்டுப் போகும், ஆனாலும் அந்தச் சில்லிப்பு இருக்கும். கிருஷ்ணாயில் குளிராது. தேய்த்தாலும் போகாமல் அங்கேயே வழுவழுவென்று நிற்கும்.

கிருஷ்ணாயில்தான் என்றால் கிண்ணத்தை முழுசாக ஒரு டப்பாவில் வடித்துவிடுங்கள், கடலில் விடாதீர்கள். திருப்பியைப் பெட்ரோலுக்கு மாற்றி, ஹோஸில் இருக்கும் ரப்பர் பம்ப்பை அமுக்கிக் கிண்ணத்தில் புது பெட்ரோல் நிரப்புங்கள். பிளக் இல்லாமலேயே, கில் சுவிட்ச் கிளிப்பைக் கழற்றிவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து, சோக் இல்லாமல் பத்து தடவை கயிற்றை இழுத்தால் சிலிண்டரில் தேங்கியது வெளியே வந்துவிடும். பிளக் துளைக்கு நேராக முகத்தைக் கொண்டுபோகாதீர்கள், பக்கத்தில் பீடி வேண்டாம். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, அல்லது புதுசு போட்டு, கிளிப்பை மாட்டி இழுங்கள். அந்தத் தம்பியின் எஞ்சின் மூன்றாவது இழுப்பில் பிடித்தது.

கரைக்கு வருவதற்குச் சில நிமிடம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றிவிடுங்கள். கார்புரேட்டரில் இருக்கும் கிருஷ்ணாயில் எல்லாம் எரிந்து, பெட்ரோலில் ஓடித்தான் எஞ்சின் நிற்க வேண்டும். அலை தாண்டும்போதும் பெட்ரோலில் இருப்பதுதான் பாதுகாப்பு. மெதுவோட்டத்தில் கிருஷ்ணாயில் சரியாக எரியாது, அந்த இடத்தில் எஞ்சின் அணைந்தால் அலை படகைக் குறுக்கே திருப்பிவிடும். என்னிடம் எஞ்சின் கொண்டுவரும் ஒவ்வொருவரிடமும் இதை வலியுறுத்துகிறேன். காலையில் எஞ்சின் பிடிக்குமா என்பது முந்தின நாள் எப்படி நிறுத்தினோம் என்பதில்தான் இருக்கிறது.

பெட்ரோலில்தான் நனைந்திருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். பிளக் துளையைத் துணியால் அடைத்துவிட்டு, கழற்றிய பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பு எஞ்சின் பிளாக்கில் படும்படி, துளையிலிருந்து தள்ளி வையுங்கள். வெறும் கையால் பிடிக்காதீர்கள், ரப்பர் கைப்பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிடியுங்கள். ஒருவர் இழுக்கட்டும். விடியுமுன் இருட்டு இந்தச் சோதனைக்கு நல்ல நேரம். நீல நிறத்தில் 'டிக் டிக்' என்று வெட்டினால் கரண்ட் நன்றாக இருக்கிறது. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ வராவிட்டாலோ புது பிளக் போட்டுப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் கேப்பைத் திருகிக் கழற்றி உள்ளே பாருங்கள். பச்சை பூத்த செம்புக் கம்பி தெரியும், கடற்காற்று செய்யும் வேலை அது. அரை அங்குலம் வெட்டி, புது முனையில் கேப்பைத் திருகினால் பல எஞ்சின்கள் உயிர் பெறும்.

கேப்பும் நன்றாக இருந்தால் ஸ்டாப் பட்டனின் ஒயரைத் தற்காலிகமாகப் பிரித்துவிட்டு மறுபடி பாருங்கள். கரண்ட் வந்துவிட்டால் பழுது சுவிட்சில்தான். அப்படிப் பிரித்த நிலையில் எஞ்சினை ஓட்டினால் பட்டனால் நிறுத்த முடியாது. சோக்கை இழுத்தோ எண்ணெயை அடைத்தோதான் நிறுத்தணும், ஆள் தவறி விழுந்தாலும் எஞ்சின் நிற்காது. அதனால் கரை சேரும் வரைக்கும் மட்டும் அப்படி ஓட்டலாம். இதற்கு மேல் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் சி.டி.ஐ., காயில் என்று போகும். அங்கே அளந்து பார்க்க மீட்டர் வேண்டும், மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பிளக் வறண்டிருந்தால் ரப்பர் பம்ப்பை அமுக்குங்கள். நாலைந்து அமுக்கில் கல் மாதிரி இறுகணும். இறுகவே இல்லையென்றால் ஹோஸில் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பம்ப்பின் உள் வால்வு போய்விட்டது, அல்லது கார்புரேட்டர் மிதவை அடைக்காமல் வழிகிறது. பம்ப் சப்பையாகிவிட்டு மேலே எழும்பாமல் இருந்தால் டேங்க் பக்கம் அடைப்பு, அநேகமாக அந்தக் காற்றுத் திருகு. பம்ப்பில் இருக்கும் அம்புக்குறி எஞ்சினைப் பார்த்து இருக்கணும். ஹோஸ் மாற்றும்போது திருப்பிப் போட்டுவிட்டு நாள் பூரா அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பம்ப் இறுகியும் பிளக் வறண்டே இருந்தால் ஜெட் அடைத்திருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ஜெட் துளைக்குள் ஊசி, கம்பி எதுவும் விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும். எஞ்சின் பிடிக்க ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். 2 ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெயோடு கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கு வழவழப்பு, ஸ்ப்ரே அதைக் கழுவிவிடும்.

பிடிக்கிறது, உடனே அணைந்துவிடுகிறது

அணையும் நேரத்தில் ஒருவரை ரப்பர் பம்ப்பை அமுக்கச் சொல்லுங்கள். அமுக்கும்வரை ஓடி, விட்டதும் அணைந்தால் எஞ்சினின் எண்ணெய் பம்ப்பில் இருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது, இல்லாவிட்டால் ஹோஸ் காற்று இழுக்கிறது. அமுக்கியும் பயனில்லையென்றால் எண்ணெயில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள்.

டேங்க்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிடம் ஆடாமல் வையுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர் அடியில் தனியாக, ஓரத்தில் முத்து முத்தாக நிற்கும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், ஒரு அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலுமாகச் சேர்ந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். டேங்க்கின் உறிஞ்சு குழாய் இருப்பதும் அடியில்தான். கடற்காற்று படும் இடத்தில் அரை டேங்க் பெட்ரோலை வாரக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். தண்ணீர் கண்ட எண்ணெயை வெயிலில் வைத்தோ புது பெட்ரோல் கலந்தோ சரிசெய்ய முடியாது. மொத்தமும் வடித்து, ஃபில்டர் மாற்றி, கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிட்டுத்தான் புதுசு ஊற்ற வேண்டும்.

செல்ஃப் எடுக்கவில்லை

சாவி திருப்பினால் எந்தச் சத்தமும் இல்லையென்றால் ஃபியூஸ், கியர், பேட்டரி முனை. 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது முனையில் உப்புப் பூத்திருக்கிறது. மீட்டர் வைத்தால் முழு சார்ஜ் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் போடும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தாங்கவில்லை. மைனஸை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் முனைகளைக் கழுவி, கம்பி பிரஷ் போட்டு, இறுக்கி மாட்டி, மேலே கிரீஸ் தடவுங்கள். மாட்டும்போது மைனஸ் கடைசியில். செல்ஃப்பை ஒரு நேரத்தில் பத்து நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள், ஒரு நிமிடமாவது ஆறவிட்டுத்தான் அடுத்தது.

கயிறே வரவில்லை

கியர் நியூட்ரலில் இருந்தும் கயிறு இறுகிக் கிடந்தால் பலத்தைக் காட்டாதீர்கள். முதலில் தண்ணீருக்குள் சுற்றும் காற்றாடியை (புரொப்பல்லர்) பாருங்கள், வலை நூலோ நைலான் கயிறோ சுற்றியிருக்கும். பிறகு பிளக்குகளைக் கழற்றி, மெதுவாக இழுங்கள். தண்ணீர் பீறிட்டு வந்து எஞ்சின் சுற்ற ஆரம்பித்தால், சிலிண்டரில் நின்ற தண்ணீர்தான் பிடித்திருக்கிறது. தண்ணீர் எப்படி உள்ளே போனது என்று தெரியாமல் திரும்ப ஓட்டக் கூடாது. பிளக் இல்லாமலும் அசையவில்லை என்றால் எஞ்சின் ஜாம். ஆயில் கலக்காமல் ஓட்டியிருக்கலாம், கூலிங் தண்ணீர் வராமல் சூடேறியிருக்கலாம். அந்த வேலை பட்டறையில்தான் முடியும்.

டீசல் எஞ்சின்

நீளத்தண்டு எஞ்சினும் விசைப்படகு எஞ்சினும் டீசல் என்பதால் பிளக், கரண்ட் என்ற பேச்சே இல்லை. சென்னை வெயிலில் குளிரால் பிடிக்காமல் போவதும் இல்லை. சுற்றும்போது சைலன்சரைப் பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை. கம்ப்ரஷன் குறைவு, டீசலில் தண்ணீர் என்று அந்தப் பக்கம் தேடணும்.

புகை இல்லையென்றால் முதலில் ஸ்டாப்பர் லீவர். நிறுத்தும்போது இழுத்தது திரும்பித் தன் இடத்துக்கு வந்திருக்காது, துரு பிடித்து நடுவில் நிற்கும். அது சரியென்றால் ஏர் பிடித்திருக்கிறது. ஃபில்டர் மேலே இருக்கும் திருகைத் தளர்த்தி, கை பம்ப்பை அடியுங்கள். நுரை நுரையாக வந்து, பிறகு குமிழி இல்லாத சுத்தமான டீசல் வழியும்போது திருகை இறுக்குங்கள். அடுத்து டீசல் பம்ப்பின் திருகிலும் அதே மாதிரி. கடைசியில் நாசில் பைப்பின் நட்டை அரைச் சுற்று தளர்த்தி எஞ்சினைச் சுற்றவிட்டு, டீசல் விட்டு விட்டு வந்ததும் இறுக்குங்கள். அங்கே விரலை வைத்துப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், ஊசி குத்தின மாதிரிதான் இருக்கும், கையையே இழக்க நேரும். ஏர் எடுத்தும் மறுநாள் திரும்பப் பிடித்தால், டேங்க்கிலிருந்து பம்ப் வரைக்கும் எங்கோ வாஷர் போயிருக்கிறது.

கடல் தண்ணீரையே சைலன்சர் வழியாகத் தள்ளும் எஞ்சின் என்றால், பிடிக்காமல் நீண்ட நேரம் சுற்றும்போது தண்ணீர் வால்வை மூடி வையுங்கள். இல்லாவிட்டால் சைலன்சர் நிறைந்து தண்ணீர் சிலிண்டருக்குள் திரும்பிவிடும். பிடித்தவுடனே திறக்க மறக்காதீர்கள்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 15-ஆம் தேதிக்கு இரண்டு நாள் முன்பே எஞ்சினைப் போட்டுப் பாருங்கள். இரண்டு மாதம் நின்ற டேங்க்கின் அடியில் தண்ணீரும், சில நேரம் கறுப்பாக வழுவழு என்று பாசி மாதிரி ஒன்றும் சேர்ந்திருக்கும். வடித்து, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரை மாற்றி, பேட்டரியை சார்ஜ் போட்டுவிட்டால் அன்று காலை துறைமுகத்தில் தவிக்க வேண்டாம்.

தண்ணீரில் மூழ்கிய எஞ்சின்

அலை தாண்டும்போது கவிழ்ந்தாலும், புயலில் கட்டிய இடத்திலேயே மூழ்கினாலும், எடுத்தவுடனே ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். உள்ளே மணல் இருந்தால் ஒரு சுற்றிலேயே சிலிண்டர் கோடு விழும்.

பேட்டரியைப் பிரியுங்கள். மூடியைக் கழற்றி, உள்ளும் வெளியும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பிளக்குகளை எடுத்து, துளை கீழே பார்க்கும்படி சாய்த்து, கயிற்றை மெதுவாக இழுத்துத் தண்ணீரை வடியுங்கள். மணல் கரகரத்தாலோ இறுக்கமாக வந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். சுத்தமாக வந்தால் கார்புரேட்டரை வடித்து, பிளக் துளையில் கொஞ்சம் 2டி ஆயில் விட்டு, புது பிளக், புது பெட்ரோல் போட்டு ஸ்டார்ட் செய்து அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். டிரம்மில் வைத்தோ படகிலோ, கூலிங் தண்ணீர் வரும்படிதான். வெளியே எடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் இதெல்லாம் முடியணும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு என்னிடம் வந்த எஞ்சின்களில் இரண்டு நினைவில் நிற்கின்றன. ஒன்றை நல்லெண்ணத்தோடு மூன்று நாள் வெயிலில் காயவைத்திருந்தார்கள். உப்பும் காற்றும் சேர்ந்து பேரிங் எல்லாம் செந்துரு, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிவிட்டது. இன்னொன்றை ஒரு பெரியவர் நீல பிளாஸ்டிக் டிரம்மில் நல்ல தண்ணீர் ஊற்றி, முழுக முழுக உள்ளே இறக்கி வைத்திருந்தார். "காத்து படாம வச்சிருக்கேன்ப்பா, நீ வந்து எடு" என்றார். தண்ணீருக்குள் இருக்கும் வரை காற்று படாது, துரு வேகமாகப் பிடிக்காது. மறுநாள் டிரம்மிலிருந்து தூக்கி, அன்றைக்கே பிரித்து, கழுவி, ஆயில் போட்டுச் சேர்த்தேன். உடனே ஓட்டிப் பார்க்க வழியில்லை, மெக்கானிக்கும் பக்கத்தில் இல்லை என்றால் நீங்களும் அவர் செய்ததையே செய்யுங்கள்.